பச்சைப் பாக்கு

ஜார்ஜ்டவுனில் பொறாமை என்றால் என்னவென்றே தெரியாத மனிதன் ஒருவன் உண்டென்றால் அது நான்தான், இன்ஸ்பெக்டர் ஐயா. இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

சுங்கை பினாங்கில், எங்கள் மாடி வாசகசாலையில் மாலைதோறும் எல்லாருக்கும் பத்திரிகை வாசித்துக் காட்டியவர் அய்யாக்கண்ணு. அறுபத்தெட்டு வயது. ரப்பர் விலை சரிந்த செய்தியைக்கூடச் சிரிக்கச் சிரிக்க வாசிப்பார். நான் சீனியர் கேம்பிரிட்ஜ் தேறியவன்; ழகரம் பிசகாமல் வாசிப்பேன். நான் வாசித்த அன்று எல்லாருக்கும் திடீரென்று வீட்டில் வேலை வந்துவிட்டது. எத்தனை பேர் எழுந்து போனார்கள் என்பதுகூட எனக்கு நினைவில்லை. இருபத்து மூன்று பேர்.

மாடியேறுமுன் பெரியவர் வெற்றிலை போடுவார். பல் இல்லாததால் பாக்கை நான்தான் உரலில் இடித்துக் கொடுப்பேன். "காஞ்ச பாக்குதான் தம்பி. பச்சைப் பாக்கு எனக்குச் சொக்கிடும், தலை கிறுகிறுத்து வாந்தி வரும்" என்று அவரே சொல்லியிருந்தார். ஆயர் ஈத்தாம் சந்தையில் பச்சைப் பாக்கு மலிவு. இடித்தபின் எது பச்சை, எது காய்ந்தது என்று யாருக்குத் தெரியும்?

முதல் நாள் பாதி வாசிப்பில் வியர்த்து, மேசையைப் பிடித்துக்கொண்டு குமட்டினார். மருந்து கொடுக்க வந்த ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர், வயதுதான் காரணம் என்றார். தினமும் கேட்க வரும் ராமதாஸ் அண்ணன், "வெயில்லே நடந்தா அப்படித்தான்லா" என்றார். வாசலில் அப்பம் விற்கும் தனலெட்சுமி அக்கா உப்பும் மிளகாயும் அவர் தலையைச் சுற்றி அடுப்பில் போட்டாள். "பாத்தியா தம்பி, நெடியே வரல. யாரோ பொறாமைக்காரன் கண்ணு வெச்சுட்டான்."

"கண்ணுக்குக் கையா இருக்கு அக்கா, ஆளைப் பிடிச்சுத் தள்ள?" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அங்கே என் பேச்சுக்குக் கிடைத்த முதல் சிரிப்பு.

மூன்றாம் முறை அளவைச் சற்றுக் கூட்டினேன். மேல்படியில் அவருக்குத் தலை சுற்றியது. கீழ்ப்படியில் கிடந்தபடி என் கையைப் பிடித்து, "இன்னிக்கு நீ வாசி தம்பி" என்றார். பிறகு பேசவில்லை.

வாசித்தேன்.

அவரைச் சாகடித்தது என் பாக்குதான், கையெழுத்துப் போடுகிறேன். ஒரு மாலையாவது அவர் வாசிப்பு கெட வேண்டும் என்றுதான் ஆரம்பித்தேன்.

நேற்று ஆறு பேருக்கு வாசித்துக்கொண்டிருந்தபோது எனக்கே தலை கிறுகிறுத்தது. நான் வெற்றிலை தொடுவதில்லை. வீட்டுக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, உப்பும் மிளகாயும் என் தலையை மூன்று முறை சுற்றி அடுப்பில் போட்டேன்.

நெடியே வரவில்லை, ஐயா. அந்தப் பொறாமைக்காரன் யாரென்று நீங்கள்தான் விசாரிக்க வேண்டும்.