அண்ணை பார்த்தெழுதிய அளவு

நான் தேநீரை ஆறுதலாகத்தான் போடுவேன். தண்ணீர் கொதித்து, சாயம் இறங்கி, பால் சேர்ந்து ஒரு கோப்பை முடிய எனக்குப் பன்னிரண்டு நிமிடம் ஆகும். அதைக் குற்றமென்று எந்த நாட்டுச் சட்டமும் சொல்லவில்லை.

றெஜினோல்ட் அண்ணை எனக்குச் சொந்தமில்லை, அதற்கும் மேலே. இருபத்திரண்டு வருடத்துக்கு முன் என்னை லண்டனுக்கு எடுத்துவிட்டவர். பதினொரு மாதம் தன் வீட்டுச் சின்ன அறையில் வைத்திருந்தார். அந்த அறையிலிருந்து நான் வெளியே வந்துவிட்டதாகப் பலரும் நினைக்கிறார்கள். ஞானஸ்நானம், கலியாணம், செத்தவீடு, எங்கே கண்டாலும் அண்ணையின் கை என் தோளில் விழும்.

“உவன் ஆர் தெரியுமோ? நான் கூப்பிட்டு எடுத்த பெடியன். ஹீத்ரோவிலை வந்து நிக்கேக்கை காலிலை பாட்டாச் செருப்பு. என்ன கொட்வின், பொய்யே?”

“இல்லை அண்ணை.”

பெடியனுக்கு இப்போது ஐம்பத்தொரு வயது. என் மகளின் பட்டமளிப்பு விருந்துக்கும் அந்தச் செருப்பு வந்தது.

ஆறு வருடத்துக்கு முன் அண்ணை இலக்குச் சுடும் கழகமொன்றில் சேர்ந்தார். வெள்ளைக்காரரே கைவிட்டுவிட்ட கம்பளிக் கோட்டும் தட்டைத் தொப்பியும் வாங்கிக்கொண்டார். பை தூக்க ஓராள் வேண்டுமென்பதால் நானும் சேர்ந்தேன். பொலிஸ் அனுமதி, பூட்டுப் போட்ட இரும்புப் பெட்டி எல்லாம் முறைப்படிதான். கழகத்தில் பலர் தோட்டாவைக் கடையில் வாங்குவதில்லை. வெற்றுக் கோது, வெடிமருந்து, பாய்ந்து போகும் சன்னம் என்று தனித்தனியாக வாங்கித் தாங்களே செய்துகொள்வார்கள். ஆய்வுகூடத் தராசுகளைச் சரிபார்ப்பது என் தொழிலாகையால் எனக்கு அது கைவந்தது. அண்ணைக்கு வரவில்லை. வரவில்லை என்று சொல்லவும் வரவில்லை.

விஷயம் சின்னது. செப்பு உறை போட்ட சன்னம் துவக்கின் குழலை இறுக்கிக்கொண்டு போகும். அதன்மேல் கறுப்புப் பூச்சொன்று பூசினால் வழுக்கும். உள்ளே அழுத்தம் குறையும், வேகமும் குறையும். குறைந்த வேகத்தை மீட்க மருந்தைக் கொஞ்சம் கூட்டுவார்கள். ஆகவே பூச்சுச் சன்னத்துக்குரிய அளவை வெறும் செப்புச் சன்னத்துக்குப் போடக்கூடாது; அழுத்தம் துவக்கு தாங்காத அளவுக்கு ஏறும். முதல் மாதமே இதைச் சொல்லித் தருவார்கள். அண்ணை அந்த மாதம் தொப்பி தேடிக்கொண்டிருந்தார்.

கறுப்புச் சன்னம் அவருக்குப் பிடிக்காது. “கரிச்சட்டியைச் சுரண்டின மாதிரிக் கிடக்கு” என்பார். பளபளக்கும் செப்புத்தான் வாங்குவார். மற்றவர்கள் பிள்ளைகளின் பரீட்சைப் பெறுபேற்றைச் சொல்வதுபோல, வேகமானியில் விழுந்த எண்ணை அவர் ஊருக்குச் சொல்வார். என் எண் எப்போதும் சற்றுக் கூட. தான் கூப்பிட்டு எடுத்தவனிடம் போய் அளவு கேட்பதா? கேட்கமாட்டார். ஆனால் பார்ப்பார். நான் முதுகைக் காட்டினால் மருந்தளவு குறிக்கும் என் கொப்பியைப் பார்த்து ஒரு கடதாசித் துண்டில் எழுதுவார். என்னை முந்துவதற்காக அதற்குமேலும் ஒரு சிட்டிகை கூட்டிப் போடுவார். இரண்டு வருடமாக எனக்கு இது தெரியும்.

ஆவணியில் என் மகளுக்குக் கலியாணம். விருந்தில் தானே பேசப்போவதாக அண்ணை மாசியில் அறிவித்தார்.

“செருப்பிலையிருந்து தொடங்கிறன். மாப்பிள்ளை வீட்டாருக்கும் தெரியவேணுமெல்லோ.”

“வேண்டாம் அண்ணை.”

“நீ சும்மா இரடா. வெக்கப்படாதை.”

அடுத்த சனிக்கிழமை, தோர்ண்டன் ஹீத்தில் நான் தோட்டா செய்யும் என் வீட்டுப் பின்வளவுக் கொட்டிலுக்கு அண்ணை வந்தார். கொப்பி மேசையில் திறந்திருந்தது. அவர் வழக்கமாகப் பார்க்கும் செப்புப் பக்கமல்ல; இந்தப் பக்கத்தின் தலைப்பில் ‘கறுப்புப் பூச்சு’ என்று எழுதியிருந்தேன். அந்தத் தலைப்பின்மேல் என் மூக்குக்கண்ணாடிக் கூட்டை வைத்திருந்தேன். எங்காவது வைக்கத்தானே வேண்டும். பிறகு தேநீர் போட உள்ளே போனேன்.

மறுவாரம் சுடுகளத்தில் அண்ணையின் துவக்கு பின்பக்கமாக வெடித்தது. பாதுகாப்புக் கண்ணாடி புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு என்பது அவருடைய கொள்கை. வலது கண் போனது.

ஆஸ்பத்திரியில் டொலறஸ் அக்கா, அவருடைய மனைவி, தண்ணீர் எடுக்க வெளியே போன நேரம் அண்ணை என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

“என்ரை கோட்டுப் பைக்குள்ளை ஒரு துண்டு கிடக்கு. கிழிச்சு எறி.”

“என்ன துண்டு அண்ணை?”

“தெரியாத மாதிரிக் கேளாதை. உன்ரை கொப்பியைப் பாத்து எழுதினனான். சனம் அறிஞ்சால் நான் வெளியிலை தலை காட்ட ஏலுமே?”

கிழித்து எறிந்தேன். விசாரிக்க வந்தவர்களிடம் அண்ணை, அளவு தன் சொந்தக் கணக்கு, பிழை துவக்கில்தான் என்று ஆங்கிலத்தில் விளக்கினார். கட்டுப் போட்ட கண்ணோடும் அவர் யாருக்கோ பாடம் எடுப்பதுபோலத்தான் இருந்தது. அவர்களும் எழுதிக்கொண்டு போனார்கள்.

நான் மனச்சாட்சி இல்லாதவனல்ல. பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன்.

“பாதர், நான் ஒரு கொப்பியைத் திறந்து வைச்சிட்டன்.”

“ஆற்றை கொப்பி?”

“என்ரைதான். இன்னொராள் பாத்திட்டார்.”

“அது அவரின்ரை பாவமெல்லோ, தம்பி.”

மூன்று ‘அருள் நிறைந்த மரியே’ சொல்லச் சொன்னார். நான் ஐந்து சொன்னேன்.

விடுபட்டேன் என்றுதான் நினைத்தேன். ஆனால் துண்டைக் கிழித்து மானத்தைக் காப்பாற்றியவனை அண்ணை இனி விடுவாரா? அவருக்குக் கார் ஓட்ட ஏலாது. திங்கள் கண் கிளினிக், புதன் கடை, ஞாயிறு பூசை, எல்லாவற்றுக்கும் நான்தான். என் வீட்டுத் திறப்பில் ஒன்று இப்போது அவருடைய சாவிக் கோர்வையில் தொங்குகிறது. விருந்துப் பேச்சும் வளர்ந்துவிட்டது. முன்பு பத்து நிமிடம். இப்போது ஆஸ்பத்திரியும் என் விசுவாசமும் சேர்ந்து அரை மணித்தியாலம். காரில் எனக்கே சொல்லிப் பழகுகிறார். நல்ல இடங்களில் நிறுத்தி என் முகத்தைப் பார்ப்பார். நான் சிரிப்பேன்.

கலியாணத்துக்கு இன்னும் இரண்டு வாரம். அண்ணை புதுத் துவக்கு வாங்கியிருக்கிறார், இடது கண்ணால் சுடுவதற்கு. இந்த ஞாயிறு கழகத்தார் எல்லோர் முன்னாலும் திரும்பிச் சுடப்போகிறார். இம்முறை அவர் கொப்பியை எட்டிப்பார்க்கவில்லை. நேரேயே கேட்டார்.

“தராசிலை முள்ளுத் தெரியுதில்லையடா. நீயே செய்து தா. உன்னை நம்பாமல் வேறை ஆரை நம்பிறது?”

இருபத்திரண்டு வருடத்தில் அவர் என்னிடம் கேட்டது இது ஒன்றுதான். மற்றதெல்லாம் சொன்னது. கேட்டவரிடம் ஏலாது என்று எப்படிச் சொல்வது? நேற்றுப் பின்னேரம் ஐம்பது தோட்டாவும் செய்து, துடைத்து, பெட்டியில் அடுக்கிக் கொடுத்துவிட்டேன். எவ்வளவு மருந்து போட்டாய் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். பொய் சொல்லும் பழக்கம் எனக்கில்லை.