அனுமதித் தாளின் பின்பக்கம்

பழைய காகிதத்தில் இருக்கும் குண்டூசியைப் பிடுங்கக் கூடாது. துரு ஏறிய ஊசி தாளோடு ஒட்டிப்போயிருக்கும். அவசரப்பட்டு இழுத்தால் மூலை கிழிந்து கையோடு வந்துவிடும். மெல்லிய பிளாஸ்டிக் துண்டு ஒன்றை ஊசிக்கும் தாளுக்கும் நடுவே நுழைத்து, அதன் மேல் ஊசியை வழுக்கவிட்டு எடுக்க வேண்டும். இந்தக் காப்பகத்தில் வேலைக்குச் சேருகிற எல்லாருக்கும் முதல் நாள் இதைச் சொல்லித் தருகிறவன் நான்தான். ஆறு வருடத்தில் ஆயிரக்கணக்கான ஊசிகளை எடுத்திருப்பேன். ஒரு தாளும் கிழிந்ததில்லை.

இயக்குநர் அவர்களே, நடந்ததை எழுத்து மூலம் தரச் சொன்னீர்கள். ஒரு பக்கம் போதும் என்றீர்கள். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள். எதையும் விடாமல் எழுதுவது என் பழக்கம்.

டாக்டரை நீங்கள் நேரில் பார்த்ததில்லை. நீங்கள் இங்கே பொறுப்புக்கு வருவதற்கு முன்பே அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். ராக்கெட் செய்தவர், நாடி பிடிக்கத் தெரியாவிட்டாலும் எல்லாரும் அவரை டாக்டர் என்றே கூப்பிட்டார்கள். இருபத்தேழு வருடம் அவர் அறைக்கு வெளியே மேசை போட்டு உட்கார்ந்திருந்தேன். அவரிடம் போகிற எந்தக் காகிதமும் என் கையைத் தாண்டித்தான் போகும். அவர் காலமானதும், அவருடைய சொந்தக் காகிதங்கள் எழுபத்திரண்டு பெட்டிகளில் இங்கே வந்தன. அவற்றை அடுக்கிப் பட்டியல் போட என்னை விட்டால் ஆள் ஏது என்று என்னையும் கூடவே அனுப்பினார்கள்.

டாக்டரின் அலுவலகத்தில் எனக்குக் 'குண்டூசி' என்று பட்டப்பெயர். வைத்தவர் வால்வு அண்ணன். அவர் எரிபொருள் பிரிவின் தலைமை மெக்கானிக். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். யாரைப் பார்த்தாலும் ஒரு கிண்டல், ஒரு சிரிப்பு. முப்பத்தொரு வருடத்துக்கு முன்னால், எஞ்சினைத் தரையில் இறுக்கிக் கட்டிவைத்து எரித்துப் பார்க்கும் சோதனை ஒன்று இருந்தது. எரிபொருள் நிரப்பும்போதே வெடித்துவிட்டது. நான்கு பேர் இறந்தார்கள். வால்வு அண்ணன் அவர்களில் ஒருவர்.

விசாரணைக் குழு பதினேழு நாள் உட்கார்ந்தது. மூன்றாம் வால்வின் ரப்பர் வாஷர் இறுகிக் கெட்டுப்போயிருந்தது, அதைக் கவனிக்க வேண்டிய மெக்கானிக் கவனிக்கவில்லை, மேலிடத்துக்கு எந்த எச்சரிக்கையும் தரவில்லை என்று எழுதிக் கோப்பை மூடியது. சோதனைத் திடலின் வாசலில் ஒரு நினைவுக் கல் வைத்தார்கள். அதில் மூன்று பெயர்கள்தான் இருக்கின்றன.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை அவருடைய மகள் வந்தாள். அப்பா போனபோது அவளுக்கு நாலு வயது. இப்போது பள்ளிக்கூடத்தில் அறிவியல் பாடம் நடத்துகிறாள். கைப்பையிலிருந்து தாள்கள் செருகிய ஒரு பழைய அட்டையை எடுத்து என் மேசையில் வைத்தாள். பட்டறையில் சரிபார்ப்புப் பட்டியல் எழுதுகிற அட்டை அது. பட்டறையில் அப்பாவின் கருவிப் பெட்டியைக் காலி செய்தபோது வீட்டுக்கு வந்ததாம். மேல் தாள் பாதியில் சாய்வாகக் கிழிந்திருந்தது.

"எங்க அப்பா காகிதத்தைக் கிழிக்கிற ஆளே இல்ல சார். ரொம்ப அவசரம்னாத்தான் கிழிச்சிருப்பார். வாஷர் கல்லாயிடுச்சு, காலைல எழுதிக் குடுக்கணும்னு முந்தின நாள் அம்மாகிட்ட சொல்லியிருக்கார். மீதிப் பாதி டாக்டர்கிட்ட போயிருக்கணும். உங்க பெட்டிகள்ல எங்கேயாவது இருக்கும்."

"இருந்தாக் கிடைக்கும்மா" என்றேன்.

"கல்லுல அப்பா பேர் வரணும் சார். அம்மா இருக்கறப்பவே வரணும்."

அதற்குப் பிறகு சனிக்கிழமை தவறாமல் வந்தாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாள். நான் ஒரு பெட்டியையும் மறுத்ததில்லை, இதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஜன்னலோர மேசையை அவளுக்கென்று ஒதுக்கினேன். முதுகு வலிக்கிறது என்றாள். என் நாற்காலி மெத்தையைக் கொடுத்தேன். பதினொரு மணிக்கு வெளியே கூட்டிப்போய் டீ வாங்கிக் கொடுப்பேன். இரண்டாம் வருடம் ஒரு நாள், "எங்க அப்பாவை நீங்க அண்ணன்னுதானே கூப்பிட்டீங்க, அப்ப எனக்கு நீங்க சித்தப்பா" என்றாள். அன்றிலிருந்து சித்தப்பாதான். எனக்குக் கல்யாணமாகவில்லை, பிள்ளைகுட்டி இல்லை. அந்தச் சொல் எனக்குப் பிடித்திருந்தது.

நாற்பது நாளைக்கு முன்னால் அவள் அம்மா இறந்துபோனார். நான் மாலையோடு போயிருந்தேன். ஓரமாக நின்றவனைக் கையைப் பிடித்து இழுத்து, உறவுக்காரர்கள் வரிசையில் நிறுத்தினாள். வந்தவர்கள் என் கையையும் பிடித்து ஆறுதல் சொன்னார்கள். நான் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

அந்த அரைத் தாள் பெட்டி அறுபத்தொன்றில் இருக்கிறது. வைத்தவன் நான்.

அந்தப் பெட்டியில் டாக்டருக்குக் குழந்தைகள் எழுதிய கடிதங்கள் நாலாயிரத்துச் சொச்சம் இருக்கின்றன. பட்டியலில் 'ஆராய்ச்சிக்குப் பயன்படாதவை' என்று எழுதியிருக்கிறேன். அவளுக்கு அந்தப் பெட்டியையும் ஒருமுறை எடுத்துக் கொடுத்தேன். மேலே இருந்த பத்துக் கடிதங்களைப் படித்துச் சிரித்துவிட்டு மூடிவிட்டாள். அவள் சிரிப்பு அப்படியே அவள் அப்பாவின் சிரிப்பு. அந்தப் பெட்டியை நானே தூக்கிப்போய் அலமாரியில் வைத்தேன்.

ஐந்து வருடத்துக்கு முன்னால் டாக்டரின் வீட்டு அலமாரிக் காகிதங்களைப் பிரித்தபோது இரண்டு தாள்கள் ஒரே குண்டூசியில் இருந்தன. முன்னால் இருந்தது சோதனைக்கான அனுமதித் தாள். அடியில் டாக்டரின் கையெழுத்து, நேரம் காலை பதினொன்று. பின்னால் சாய்வாகக் கிழிந்த அரைத் தாள். வால்வு அண்ணனின் கோழிக் கிறுக்கலில், 'மூன்றாம் வால்வு வாஷர் கல்லாகிவிட்டது. மாற்றாமல் நிரப்ப வேண்டாம்' என்று எழுதியிருந்தது. நான் ஊசியை எடுத்தேன். அது என் வேலை. அனுமதித் தாளைப் பெட்டி பதினான்கில் வைத்தேன், அரைத் தாளை அறுபத்தொன்றில் வைத்தேன். எரிக்கவில்லை, கிழிக்கவில்லை. காப்பகத்தை விட்டு ஒரு தாளும் வெளியே போகவில்லை.

திங்கட்கிழமை உங்கள் அறையில் ஏன் என்று கேட்டீர்கள். டாக்டரின் பெயருக்காக என்றேன். கையில் எச்சரிக்கை இருந்தும் கையெழுத்துப் போட்டுவிட்டு, செத்தவன் தலையில் பழியைத் தூக்கிப் போட்டார் என்று நாளைக்கு ஊர் பேசும். அந்த நாலாயிரம் குழந்தைகள் என்ன நினைக்கும் என்றேன். நீங்கள் அதைக் குறித்துக்கொண்டு, எழுதித் தரச் சொன்னீர்கள்.

ஆனால் என் தொழிலிலேயே எனக்கு மறதி வந்ததுதான் வேடிக்கை. மட்டமான காகிதம் நல்ல காகிதத்தின் மேல் வருடக்கணக்கில் அழுந்திக் கிடந்தால் பழுப்புக் கறை இறங்கும். இதையும் நான்தான் எல்லாருக்கும் சொல்லித் தருகிறேன். அனுமதித் தாளின் பின்பக்கத்தில் அந்த அரைத் தாள் தன் உருவத்தை அப்படியே விட்டுவிட்டுப் போயிருந்தது. இதுவரை அவளுக்கு அந்தத் தாளின் முன்பக்க நகலைத்தான் கொடுத்து வந்தேன். கையெழுத்து உள்ளதற்கு நகல்தான் என்று விதி இருக்கிறது. போன சனிக்கிழமை நான் பல் பிடுங்கப் போயிருந்தேன். புதிதாகச் சேர்ந்தவர் அசலையே எடுத்துக் கொடுத்துவிட்டார்.

நான் வந்து சேர்ந்தபோது அவள் ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தாள். அனுமதித் தாளைத் திருப்பி வைத்து, தன்னிடம் இருந்த மீதிப் பாதியைக் கறையின் விளிம்போடு சேர்த்திருந்தாள். கிழிசலோடு கிழிசல் பொருந்தியிருந்தது.

"சித்தப்பா, இதுக்குப் பின்னால ஒண்ணு இருந்திருக்கு. யார் எடுத்தது?"

வாயில் பஞ்சு அடைத்திருந்தார்கள். அதைத் துப்பிவிட்டு, "ஊசி எடுக்கறது நான்தாம்மா" என்றேன். அவள் தன் பாதித் தாளை எடுத்துக்கொண்டாள். நேராக உங்கள் அறைக்கு வந்துவிட்டாள்.

இவ்வளவும் உங்களுக்குத் தெரியும். தெரியாதது இனிமேல்தான்.

விபத்து நடந்த மூன்றாம் நாள் டாக்டர் கோப்பைப் பிரித்து, பின்னால் இருந்த அரைத் தாளைப் பார்த்தார். கதவைச் சாத்திக்கொண்டார். சாயங்காலம் இரண்டு தாள்களையும் பையில் வைத்து வீட்டுக்கு எடுத்துப்போனார். விசாரணைக் குழுவிடம் வாயே திறக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து எந்தக் காகிதத்தையும் திருப்பிப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டதில்லை. கல்யாணப் பத்திரிகையைக் கொடுத்தாலும் திருப்பிப் பார்ப்பார். ஓட்டலில் சாப்பாட்டு அட்டையைத் திருப்பிப் பார்ப்பார். அலுவலகமே அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன்.

அவர் ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி வாரம் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"அலமாரியில ரெண்டு காகிதம் இருக்கு குண்டூசி. நான் போனதும் அந்த மெக்கானிக் வீட்டுல குடுத்துடு. உயிரோட இருக்கறப்ப எனக்குத் தைரியம் வரல."

"சரிங்க டாக்டர்."

"பின்னாலயே இருந்திருக்கு. திருப்பியிருந்தா நாலு பேர் பிழைச்சிருப்பாங்க. எப்படிப் பார்க்காம விட்டேன்? இருபத்தஞ்சு வருஷமா யோசிக்கிறேன், ஞாபகமே வரமாட்டேங்குது."

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "மனுஷன்தானே டாக்டர், அவசரத்துல யாருக்கும் வரும். மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க" என்றேன். அவர் அழுதார். எனக்கு நன்றி சொன்னார். வராந்தாவுக்கு வந்து நின்றபோதுதான், என்ன காரியம் செய்தேன் என்று உறைத்தது. நான் அவரை மன்னித்துவிட்டு வந்திருந்தேன்.

அவருக்கு ஞாபகம் வராததற்குக் காரணம் உண்டு. அவர் கையெழுத்துப் போட்டபோது அந்தத் தாளுக்குப் பின்னால் எதுவும் இல்லை.

அன்று காலை ஒன்பதரைக்கு வால்வு அண்ணன் அந்த அரைத் தாளோடு என் மேசைக்கு வந்தார். எச்சரிக்கை என்றால் படிவத்தில், மூன்று நகலில் வர வேண்டும் என்றேன். "அதுக்கெல்லாம் நேரமில்ல தம்பி. கையெழுத்துப் போடறதுக்கு முன்னால இதை அவர் கண்ணுல காட்டிடு" என்று வைத்துவிட்டு ஓடினார். அதற்கு முந்தின வாரம்தான் இப்படி ஒரு துண்டுச் சீட்டை உள்ளே கொண்டுபோய், பத்துப் பேர் முன்னால் டாக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு ரோஷம். வால்வு அண்ணன் ஒரு தடவையாவது படிவம் எழுதிப் பழகட்டும் என்று இழுப்பறையில் போட்டேன். பதினொரு மணிக்கு அனுமதித் தாளை மட்டும் உள்ளே கொண்டுபோனேன்.

வெடித்தது இரண்டே முக்காலுக்கு. எல்லாரும் திடலை நோக்கி ஓடினார்கள். அறையில் நான் மட்டும் இருந்தேன். இழுப்பறையைத் திறந்து, ஒரு புதுக் குண்டூசி எடுத்து, அரைத் தாளை அனுமதித் தாளுக்குப் பின்னால் குத்திக் கோப்பில் வைத்தேன். இழுப்பறையைச் சாத்தினேன். அதன் பிறகு நானும் ஓடினேன்.

இதோடு நிறுத்தியிருக்கலாம். எதையும் விடாமல் எழுதுவேன் என்று ஆரம்பத்தில் சொல்லிவிட்டேன்.

பன்னிரண்டரைக்கு வால்வு அண்ணன் திரும்பி வந்தார். ஜன்னலுக்கு வெளியே நின்று, "என்ன குண்டூசி, காட்டிட்டியா?" என்று கேட்டார். டாக்டர் அதற்குள் கட்டுப்பாட்டு அறைக்குப் போயிருந்தார். இல்லை என்று சொன்னால் அந்தத் துண்டுச் சீட்டைத் தூக்கிக்கொண்டு அத்தனை பேர் முன்னால் நான் போய் நிற்க வேண்டும்.

"பார்த்துட்டார்ணே. பரவாயில்ல, நிரப்பச் சொல்லிட்டார்" என்றேன்.

அவர் ஒரு நிமிடம் யோசித்தார். "அவரே பார்த்துச் சொல்லிட்டார்னா சரிதான் தம்பி" என்று சிரித்துவிட்டு, தொப்பியை மாட்டிக்கொண்டு வால்வைத் திறக்கப் போனார்.

முன் பக்கங்களையெல்லாம் ஊசி குத்தி வைத்திருக்கிறேன். இந்தக் கடைசிப் பக்கத்தை மட்டும் குத்தவில்லை, தனியாக எடுத்துவிடலாம். அந்தப் பெண் ஏற்கெனவே அம்மாவை இழந்து நிற்கிறாள். இதை வேறு எதற்குப் படிக்க வேண்டும். அவளுக்காகத்தான் சொல்கிறேன்.