குப்புறக் கிடந்தவரும் கடுகளவு காளானும்

பெயர் பிரிஸில்லா, வயது 49, கணவர் பெயர் ஹெப்ரான், விலாசம் மகாராஜநகர், பாளையங்கோட்டை.

நான் மேற்படி விலாசத்தில் கணவருடன் குடியிருந்து வருகிறேன். தனியார் மருத்துவமனையில் செவிலியராக வேலை பார்க்கிறேன். என் கணவருக்குப் போன வருடம் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்திருக்கிறது. டாக்டர் நடக்கச் சொன்னார். நடக்கப் போனவர் காளானைப் படம் எடுக்கும் பழக்கத்தைப் பிடித்துக்கொண்டார். அதுவும் குழம்பு வைக்கிற காளான் இல்லை, கடுகளவு காளான்.

இன்று காலை வனத்துறை அனுமதியோடு நாங்கள் இருவரும் மணிமுத்தாறு மலைக்குப் போனோம். வனக்காவலர் மாரிக்கண்ணு துணைக்கு வந்தார். அட்டைக்கடிக்குப் பயந்து நான் ஜீப்பிலேயே இருந்துகொண்டேன். பின்பு பாதையில் மரம் விழுந்ததாகத் தகவல் வந்து மாரிக்கண்ணு அங்கே போனார். அவர் திரும்பி வந்தபோது என் கணவரைக் காணவில்லை. ஓடைக்கரையில் அவருடைய செருப்பும் கேமராப் பையும் மட்டும் இருந்தன. ஓடையில் மழைத் தண்ணீர் சிவப்பாகப் போய்க்கொண்டிருந்தது. பைக்குள் மதிய மாத்திரை பிரிக்காமல் இருந்தது. அதைப் பார்த்ததும் மணி பார்த்தேன், மாத்திரை நேரம் தாண்டியிருந்தது. அதன் பின் காவல் நிலையத்துக்குத் தகவல் கொடுத்து, வந்த போலீசாருடன் சேர்ந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே தேடினோம்.

வெளிச்சம் இறங்கும் நேரத்தில் மாரிக்கண்ணு ஓடி வந்து, "யம்மா, அங்கன மூங்கில் பொதருக்குப் பொறத்தால ஒரு ஆளு குப்புறக் கெடக்காரு. அசைவே இல்ல" என்றார். யாரும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டு நான் முன்னால் போனேன். அட்டையின் ஞாபகமே வரவில்லை. என் கணவர் சேற்றில் தாடையை வைத்துக் கிடந்தார். கழுத்தில் விரல் வைத்தேன். நாடி இருந்தது. எத்தனையோ பேருக்கு நாடி பார்த்த விரலை அப்போது என்னால் நம்ப முடியவில்லை, மறுபடியும் வைத்துப் பார்த்தேன்.

அதன் பின் அவர் தலையைத் தூக்காமலே, "ஏட்டி, பையப் பேசு. மூச்சு பட்டா ஆடிரும்" என்றார். அவர் கையில் பிடித்திருந்த கேமராவுக்கு நேரே மக்கிய குச்சியில் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு வெள்ளைக் காளான் நின்றது.

"நாங்க இவ்வளவு நேரம் கூப்பிட்டது காதுல விழலையா?" என்று கேட்டேன்.

"விழுந்துச்சு. பதில் சொன்னா ஆடிரும்லா?" என்றார்.

செருப்பையும், காளானை மிதித்துவிடக் கூடாதென்றுதான் கழற்றினாராம். நான் அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்து அழுதேன். போன உயிர் திரும்பி வந்தது போல இருந்தது. பின்பு எழுந்து அவர் முதுகில் இரண்டு போட்டேன். இது உதவி ஆய்வாளர் முன்னிலையில் நடந்தது, இதையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன். பின்பு மாத்திரையை அங்கேயே விழுங்க வைத்தேன்.

என் கணவர் நல்ல நிலையில் கிடைத்துவிட்டதால் மேல்நடவடிக்கை எதுவும் தேவையில்லை. விசாரணைக்காக நிலையத்துக்கு எடுத்து வந்த கேமராவை அவரிடம் கொடுக்க வேண்டாம், என்னிடம் கொடுக்கவும். அடுத்த முறை அதை நான்தான் தூக்கிக்கொண்டு போய், அவர் பக்கத்திலேயே குப்புறப் படுத்துக் கிடப்பேன்.

நான் சொன்னதை எழுதி எனக்கு வாசித்துக் காட்டினார்கள். முதுகில் போட்டது உள்பட எல்லாம் சரியாக இருக்கிறது, உண்மை.

(ஒப்பம்) பிரிஸில்லா