கசிவு இல்லாத வண்டி

அந்தப் பாட்டிலை மேசைமேல் அப்படியே வைக்காதீர்கள் இன்ஸ்பெக்டர் சார். அடியில் ஒரு பழைய பேப்பராவது போடுங்கள். பிரேக் ஆயில் பட்டால் பாலிஷ், பெயிண்ட் எதுவானாலும் தோலுரிந்து வந்துவிடும். நல்ல மேசை, வீணாகிவிடப் போகிறது.

முதலிலிருந்தே சொல்கிறேன். பாதியில் ஆரம்பித்தால் நான் ஏதோ கெட்டவன் போலத் தெரியும்.

பட்டறை என்னுடையது. செத்துப்போனவன் என் சகலை, அதாவது என் மனைவியின் தங்கையைக் கட்டியவன். இருந்த வேலை போய் அவன் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தபோது, "நம்ம வீட்டு மாப்பிள்ளைதானே, கூட வெச்சுக்குங்களேன்" என்று என் மனைவிதான் சொன்னாள். நானும் தட்டவில்லை. அவன் வந்த பிறகு வாடிக்கையாளர்கள் என்னைப் பெரியவர் என்றும் அவனைச் சின்னவர் என்றும் கூப்பிட ஆரம்பித்தார்கள். வயதுக்குத் தருகிற மரியாதை என்று நானும் உள்ளுக்குள் மகிழ்ந்துபோனேன். அந்த மரியாதையின் லட்சணம் போகப்போகத்தான் புரிந்தது. வண்டியை வாசலில் நிறுத்துவார்கள், எனக்கு ஒரு வணக்கம் வைப்பார்கள், அப்புறம் "சின்னவர் இல்லையா?" என்று என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பார்கள். நான் கையில் ஸ்பேனரோடு நிற்பேன். "சாப்பிடப் போயிருக்கான். என்ன விஷயம், சொல்லுங்க" என்றால், "பரவால்ல, அவரே வரட்டும்" என்று என் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்வார்கள்.

அவனுக்குக் கைராசியாம். வீட்டிலும் அதே பாட்டுதான். மாமனார் வீட்டில் மோட்டார் நின்றுபோனால் நான் போய் நாள் முழுக்கக் கழற்றி மாட்டுவேன். அவன் சாயங்காலம் வந்து ஒரு தட்டு தட்டுவான், ஓடும். நான் பாதி சரிசெய்து வைத்திருந்ததால்தான் ஓடியது என்று யாருக்கும் தோன்றாது. எனக்கு வயிறு எரிந்தது. அதை மறைப்பதில் எனக்கு லாபம் ஒன்றும் இல்லை, அதனால் சொல்கிறேன்.

இப்போது வண்டிக்கு வருகிறேன். பட்டறைக்கு எதிரே இருக்கும் கல்லூரியில் பாடம் எடுக்கும் பேராசிரியர் ஒருவருடையது. பழைய மோட்டார் சைக்கிள், ஆனால் அந்தக் காலத்திலேயே கிளட்சுக்குக் கேபிள் கிடையாது, எல்லாம் ஆயில் அழுத்தம்தான். ஹேண்டில்பாரில் இரண்டு ஆயில் கப் இருக்கும். இடப்பக்கம் கிளட்சுக்கு, வலப்பக்கம் முன் பிரேக்குக்கு. இரண்டிலும் ஊற்றுவது ஒரே பிரேக் ஆயில்தான். கல்லூரியில் நிறுத்த இடமில்லை என்று பகல் முழுக்க வண்டியை எங்கள் பட்டறையில் விட்டுவிட்டுப் போவார்.

ஒருநாள் அவர் என்னிடம்தான் முதலில் வந்தார். கிளட்ச் லீவர் தொளதொளவென்று இருந்தது, இடப்பக்கக் கப்பில் ஆயில் இறங்கியிருந்தது. லீவருக்குப் பக்கத்தில் லேசாக ஈரம் தெரிந்தது. மேலே இருக்கும் ரப்பர் சீலை மாற்றி, குழாயில் இருந்த காற்றை வெளியேற்றி, சுத்தமாகத் துடைத்துக் கொடுத்தேன். கொஞ்ச நாளில் மறுபடியும் ஆயில் இறங்கிவிட்டது. ஹோஸைப் பார்த்தேன், இணைப்புகளைப் பார்த்தேன், எங்கேயும் ஒழுகவில்லை. தலையைச் சொறிந்துகொண்டு நின்றபோது சகலை வந்தான்.

அவன் மேலே பார்க்கவே இல்லை. நேராகக் கீழே குனிந்து, செயின் ஏறுகிற பல்சக்கரத்தின் மூடியைக் கழற்றினான். உள்ளே செயின் கிரீஸ் அப்பிக் கிடந்தது. அதில் விரலை விட்டு வழித்து, ஒரு டம்ளர் தண்ணீரில் முக்கினான். "இஞ்சின் ஆயிலா இருந்தா மேல மிதக்கும் சார். இது கரையுது பாருங்க, பிரேக் ஆயில். இங்க கிளட்சைத் தள்ளுற கீழ் சிலிண்டர் சீல் போயிடுச்சு. கசியிறது கிரீஸோட கலந்துடுது, அதான் வெளிய தெரியல" என்றான். ஐந்தாறு பேர் சுற்றி நின்று அந்த டம்ளரையே பார்த்தார்கள். பேராசிரியர் சிரித்துக்கொண்டே, "பெரியவர் மேலயே பாத்தாரு, சின்னவர் கீழ பாத்தாரு" என்றார்.

அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. ஆனால் எல்லோரும் சிரித்தார்கள். அது எப்படியோ வீடுவரைக்கும் போய், சோறு போடும்போது என் மனைவி அதையே சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அவன் கீழ் சீலை மாற்றினான். நல்ல வேலை, அதில் குறை சொல்ல மாட்டேன். மறுநாள் மதியம் அவன் சாப்பிடப் போன நேரத்தில், இடப்பக்கக் கப்பைத் திறந்து சிரிஞ்சால் கொஞ்சம் உறிஞ்சி இந்தப் பாட்டிலில் விட்டேன். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை சார். கைராசியும் சில சமயம் தவறும் என்று நாலு பேருக்குத் தெரிந்தால் அவனுக்கே நல்லது என்று நினைத்தேன். இளவயதுக்காரனுக்குத் தலைக்கனம் ஏறக்கூடாது.

தினமும் கொஞ்சம் எடுத்தேன். பேராசிரியர் மறுபடியும் வந்து நின்றார். சகலை கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினான். வண்டிக்கு அடியில் பேப்பர் விரித்தான், ஒரு சொட்டு விழவில்லை. எல்லா இணைப்பிலும் முகப் பவுடரைத் தூவி வைத்தான், ஈரம் பட்டால் காட்டிக்கொடுக்கும் என்று. பவுடர் வெள்ளையாகவே இருந்தது. புது ஹோஸ் போட்டான், மேல் சீல், கீழ் சீல் எல்லாம் திரும்ப மாற்றினான். சோறு இறங்காமல் டப்பாவை அப்படியே மூடி வைத்தான். "சின்னவருக்கே பிடிபடலையா?" என்று ஆளாளுக்குக் கேட்க ஆரம்பித்தார்கள். ஒருநாள் பேராசிரியர் என் பக்கம் திரும்பி, "பெரியவரே, நீங்க ஒரு தடவை பாருங்களேன்" என்றார். அன்று இரவு நான் எவ்வளவு நிம்மதியாகத் தூங்கினேன் தெரியுமா.

அதோடு விட்டிருப்பேன். சத்தியமாக விட்டிருப்பேன். ஆனால் நான் பார்ப்பதற்கு முன்னால் அவன் குறுக்கே வந்து, "நீங்க விடுங்கண்ணே, நானே பாத்துக்கறேன்" என்றான். அதன் பிறகு ஆயில் இறங்குவது நின்றுபோனது. நான் எடுத்துக்கொண்டுதான் இருந்தேன். மதியம் எடுப்பேன், சாயங்காலம் பார்த்தால் கப் நிறைந்திருக்கும். பேராசிரியர் தானே ஊற்றிக்கொள்கிறார் போல என்று நினைத்துக்கொண்டேன். அவரோ ஊரெல்லாம் சின்னவரைத் தலைமேல் தூக்கிவைத்து ஆடினார். "எல்லாரும் கைவிட்ட வண்டிங்க, மனுஷன் எப்படியோ சரி பண்ணிட்டாரு." என் மனைவி, "பாத்தீங்களா, நான்தான் சொன்னேனே" என்றாள்.

நான் மாதக்கணக்கில் பட்ட பாடு அவன் பெயரை இன்னும் பெரிதாக்கியதுதான் மிச்சம். நீங்களே சொல்லுங்கள், எந்த மனிதனுக்குத்தான் பொறுக்கும்.

பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு, நான் வைத்ததுதான். வேலை பார்த்தவனே வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். வாசலிலிருந்து சரிவில் இறங்கி, பெரிய சாலையைத் தொட்டுத் திரும்பி வருவோம். அந்தச் சாலையில் லாரிகள் நிற்காமல் போய்க்கொண்டிருக்கும். பேராசிரியர் வெளியூர் போகவேண்டும் என்று வண்டியை ஒருமுறை பார்த்துத் தரச் சொல்லியிருந்தார். சகலைதான் ஓட்டிப் பார்ப்பான் என்று எனக்குத் தெரியும். எப்போதும் போல இடப்பக்கக் கப்பில் எடுத்தேன். அப்புறம் வலப்பக்கக் கப்பையும் திறந்தேன்.

ஆமாம், முன் பிரேக். அந்தச் சரிவில் பின் பிரேக் மட்டும் வண்டியை நிறுத்தாது. கப்பைக் காலி செய்து, அடியில் குழாயில் கொஞ்சம் மட்டும் விட்டுவைத்தேன். லீவர் முதலில் கொஞ்சம் இறுக்கமாகத்தான் இருக்கும். சரிவில் இரண்டு மூன்று தடவை பிடித்த பிறகுதான் காலியாக உள்ளே போகும். வேறு எந்த மெக்கானிக்காக இருந்தாலும் ஏறுவதற்கு முன் பிரேக் கப்பை ஒருமுறை எட்டிப் பார்த்திருப்பான். சகலையின் கண்ணும் கருத்தும் அந்த வண்டியில் இடப்பக்கத்தை விட்டு நகரவே இல்லை. அந்த அளவுக்கு நான் அவனைப் பழக்கி வைத்திருந்தேன். "வரேண்ணே" என்று சொல்லிவிட்டு இறங்கினான். வாசலில் நின்று பார்த்தேன். சரிவின் முடிவில் அவன் கால் இரண்டையும் தரையில் ஊன்றித் தேய்த்தது தெரிந்தது. லாரிக்காரர் மேல் தப்பு இல்லை, அவரை விட்டுவிடுங்கள்.

முதலில் ஓடிப்போய்த் தூக்கியது நான்தான். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இப்போது நீங்கள் சொன்னதற்கு வருகிறேன். நொறுங்கிக் கிடந்த வண்டியில் வலப்பக்கக் கப் காலி, இடப்பக்கக் கப் நிறைந்திருந்தது என்கிறீர்கள். தன் புருஷன்தான் அதைத் தினமும் நிரப்பிக்கொண்டிருந்தான் என்று என் மனைவியின் தங்கை சொன்னாளாம். "கசியல, அண்ணன்தான் எடுக்கறாரு. மனசுல ஏதோ தாங்கல் போல. வெளிய தெரிஞ்சா அக்காவுக்குத்தான் அசிங்கம். நானே ஊத்திக்கறேன், நீ யார்கிட்டயும் மூச்சு விடாத" என்று அவளிடம் சொல்லியிருந்தானாம்.

துக்கத்தில் இருக்கிறவள், புருஷனை உயர்த்தித்தான் பேசுவாள். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவனுக்குத் தெரிந்திருந்தால் என் முகத்தைப் பார்த்துத் தினமும் அப்படிச் சிரித்திருப்பானா? என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டிருப்பானா? ஏதோ பழக்கத்தில் ஊற்றியிருப்பான், அவ்வளவுதான்.

நான்தான் செய்தேன். எங்கே சொன்னாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஒரு வரி மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள் சார், கோர்ட்டில் சத்தமாகப் படிக்கும்படி எழுதுங்கள்: அந்த ஆயில் எங்கே போனது என்று சின்னவரால் கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை.