புலி இல்லாத ரூபாய்

எமில் ஐயா அவர்களுக்கு,

காசை நேர் வெளிச்சத்தில் பார்க்கக் கூடாது. சாய்ந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. ஆனால் சோதித்துச் சொல்லும்படி புதுச்சேரிக்கு நான் அனுப்பிய ரூபாயை, யாரோ பட்டறையில் இன்னொரு காசை வைத்து அழுத்திச் செய்த போலி என்று எழுதிவிட்டீர்கள். அதனால்தான் இந்தப் பதில்.

1947ஆம் வருஷத்துக் காசு. ஒரு பக்கம் ராஜா தலை மேடாக இருக்கிறது. மறுபக்கம் புலி இருக்க வேண்டிய இடத்தில் அதே தலை, இடவலம் மாறி, பள்ளமாக இருக்கிறது. நாணயச்சாலையில் முந்தின காசு அச்சிலேயே ஒட்டிக்கொண்டு, அடுத்த தகடு அதன் கீழ் அடிபட்டால் இப்படி வரும். பட்டறைப் போலி என்றால் மேட்டுத் தலையின் காதும் முடியும் நசுங்கியிருக்கும். இதில் நசுங்கவில்லை.

எப்படிக் கிடைத்தது என்று கேட்டிருந்தீர்கள்.

போன வருஷம், நயா பைசா வந்த புதிது. நான் கல்லாவில் உட்காரும் தாவூது மரைக்காயர் ஜவுளிக்கடைக்கு அடுத்த வீட்டுக் கைலாசம், காலையில் மாரடைப்பில் போய்விட்டார் என்றார்கள். மதியம் மாலை வாங்கிக்கொண்டு போனேன். நெற்றியில் அந்தக் காசு, பள்ளம் மேலே தெரியும்படி இருந்தது.

உறவுக்காரர் ஒருவர் குனிந்து பார்த்தார். "என்ன தங்கச்சி, செல்லாக் காச வச்சிருக்கே?"

"எந்தக் கடையிலயும் வாங்க மாட்டேன்னுட்டாங்கண்ணே. இவரு அங்க போயி கடையா வைக்கப் போறாரு?" என்றாள் மனைவி ஞானசௌந்தரி. அழுதுகொண்டேதான் சொன்னாள்.

கல்லாவில் விழும் ஒவ்வொரு ரூபாயையும் புரட்டிப் புரட்டி வருஷக்கணக்கில் நான் தேடியது, அடுத்த வீட்டில் சும்மா கிடந்திருக்கிறது. அதற்குப் பிறகு வேறெதையும் நான் பார்க்கவில்லை. எல்லாரும் அவர் முகத்தைப் பார்த்து அழுதார்கள். காசை நான் ஒருவன்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் பள்ளக் கன்னத்தில் தேங்கியிருந்த வெளிச்சம் மெல்ல நகர்ந்தது எனக்குத் தெரிந்தது. பாடையை யாரும் தொடவில்லை. நெற்றித் தோல் சுருங்கினால்தான் காசு அப்படிச் சாயும். இன்னொரு முறையும் சாய்ந்தது.

வைத்தியர் பார்த்தாரா என்று அந்த உறவுக்காரரிடம் கேட்டேன். "காலையிலயே பாத்தாச்சுங்க, நீங்க வேற" என்றார். கேட்கவே இல்லை என்று என்னை யாரும் சொல்ல முடியாது.

நெற்றிக் காசு மயானத்தில் வேலை பார்க்கும் சாமிக்கண்ணுவுக்குச் சேரும். போகிற வழியிலேயே அவரிடம் பேசி முடித்துவிட்டேன். பத்து ரூபாய் கொடுத்தேன். செல்லாக் காசுக்கா என்று சிரித்தார். மயானத்தில் நெற்றியிலிருந்து எடுத்து என் கையில் வைத்தபோது காசு வெதுவெதுப்பாக இருந்தது. வெயில் தாழ்ந்து வெகுநேரமாகியிருந்தது.

கொள்ளி வைக்குமுன் அப்போதாவது சொல்லியிருக்கலாமே என்பீர்கள். யோசித்துப் பாருங்கள். அவர் எழுந்து உட்கார்ந்தால் அது அவர் காசு. புருஷனைத் திருப்பிக் கொடுத்த காசு என்று ஞானசௌந்தரி சாமி மாடத்தில் வைத்துவிடுவாள். பிறகு யார் கேட்டாலும் தரமாட்டாள். செத்தவர் காசு என்றால்தான் சாமிக்கண்ணு எனக்கு விற்றது செல்லும்.

திரும்பிப் பார்க்காமல் எல்லாரும் போன பிறகும் நான் நின்றேன். வரட்டிக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. "சிலது இப்படித்தாங்க, நரம்பு இழுக்கும்" என்று சாமிக்கண்ணு கழியை எடுத்தார். ஆமாம் என்றேன். சத்தம் அடங்க நேரமாயிற்று.

அன்றிலிருந்து எனக்குச் சரியான தூக்கமில்லை. அதைக் குறையாகச் சொல்லவில்லை. காசு கையில் இருந்தவரை எடுத்துப் பார்த்தாலும், உங்களுக்கு அனுப்பிய பிறகு நினைத்தாலும் மனம் ஒரு நிலைக்கு வரும். உங்கள் கடிதம் வந்த பிறகுதான் அதுவும் இல்லாமல் போய்விட்டது. ஐயா, உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன், காதையும் முடியையும் இன்னொரு முறை பாருங்கள். இந்தக் கடிதத்தைப் போலீசில் கொடுப்பதானால் தாராளமாகக் கொடுங்கள். அதற்கு முன் காசு அசல்தான் என்று எனக்கு ஒரு வரி எழுதிவிடுங்கள்.

ஒரு போலிக் காசுக்காக ஒரு மனிதரை உயிரோடு எரிய விடுகிறவனா நான்?