சொல்வதற்கு ஒரு பேர்

பிளேக் பரவிய வருஷம். ஆம்பூரில் நான் ஏறிய ரயில் காட்பாடியை நெருங்கிக்கொண்டிருந்தது. எதிர்ப்பலகையில் இருந்த, தோல் பதனிடும் மண்டியில் கூலி வேலை செய்பவன், பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாதவரிடம் கேட்டான்:

"அண்ணே, உங்க பேரை எனக்குத் தர்றீங்களா?"

"இன்னா?"

"காட்பாடியில டாக்டரு அக்குளைத் தொட்டுப் பாப்பாரு. நெறி கட்டியிருந்தா பிளேக் கொட்டாயில போட்டுடுவாங்க. யாருக்குச் சொல்லி அனுப்பணும்னு கேப்பாங்களாம். எனக்குச் சொல்ல ஒரு பேரு இல்ல."

"கூட வேலை செய்றவங்க?"

"பன்னெண்டு வருசமா ஒருத்தனும் நானும் ஒரே சுண்ணாம்புத் தொட்டியில எதிரெதிரா நின்னு தோலை இழுக்கிறோம். அவன் வீடு எங்கன்னு நான் கேட்டதில்ல. அவனும் கேட்டதில்ல."

வண்டி வேகம் குறைந்தது. மற்றவர் தம் அக்குளை அழுத்திப் பார்த்துக்கொண்டார்.

"முனுசாமி, மாதனூரு," என்றார். "சீக்கிரம் உன் பேரைச் சொல்லு. என்னையும் கேப்பாங்க இல்ல?"