சேவல் குழம்பும் பரீட்சைக் கட்டணமும்

மலையிலிருந்து போளூருக்கு இறங்கும் பேருந்தில் என் முன் இருக்கையில் சேகர், மணி என்ற இரண்டு கல்லூரி மாணவர்கள் இருந்தார்கள். அவர்களுடன் இல்லாதவன், பரீட்சைக் கட்டணம் கட்ட முடியாமல் ஜமுனாமரத்தூர் பக்கத்துத் தன் ஊருக்கே திரும்பிவிட்ட சிநேகிதன் கோவிந்தன்; அவன் வீட்டுக்குப் போய்விட்டுத்தான் இருவரும் திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

"அவன் பரீட்சை பீஸை நாமளே துன்னுட்டோம்டா," என்றான் சேகர்.

"இன்னாடா சொல்ற?"

"மத்தியானம் அடிச்சாங்களே ரெண்டு சேவல், கையில இருந்த காசோட அதயும் சந்தையில வித்துதான் பீஸ் கட்டறதா இருந்தானாம். அவன் தங்கச்சி சொல்லிச்சு."

"எப்ப?"

"நீ மூணாந்தபா கொழம்பு கேட்டப்போ."

மணி சேகர் பக்கம் திரும்பினான். "நாம பீஸ் குடுக்கத்தானே போனோம்?"

"குடுத்தா வாங்கமாட்டான்னு, சும்மா பாக்க வந்தோம்னு சொன்னது யாரு? நீதான். விருந்தாளி வந்துட்டாங்கன்னு அறுத்துட்டாங்க."

"சரி, பணம்?"

"அவன் நோட்டுக்குள்ள வெச்சிட்டேன். சேவல் காசும் சேத்து."

"சேவலுக்கு உங்கிட்ட ஏது காசு?"

"உன் மெஸ் பணம்தான். நீ கை கழுவப் போனப்போ பையிலருந்து எடுத்தேன்."

மணி பையைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "நாளைக்குக் கடைசி நாளு. வருவானா?"

"நம்ம மூஞ்சியில விட்டெறியவாவது வருவான். வந்தா புடிச்சு பீஸ் கட்ட வெச்சிடலாம்."

"மொத்தம் எவ்ளோடா ஆச்சு?"

"பீஸ் நாப்பத்தஞ்சு, சேவல் முப்பது. ஒரு வேளை சோத்துக்கு எழுபத்தஞ்சு ரூபா."